கொரோனாவுக்கு அண்ணன்

செப்டம்பர் 28, ஞாயிறு

பெரிய மனிதர்கள் எல்லாரும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நான் இத்தனை நாள் எழுதாமல் இருந்ததில் நாட்டுக்குத்தான் நட்டம். உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றோடு அதற்கு விடிவுகாலம்.

காரணம் என் தங்கை மகள் வான்மதி. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள். எங்கள் நல்லாம்புதூர் ஏரிக்கரை ஆலமரங்களில் தொங்கும் வௌவால்கள்தான் அவளுடைய ஆராய்ச்சி. மூன்று வருடமாக வந்து போய்க்கொண்டிருந்தவள், இந்த முறை தீபாவளி முடியும்வரை எங்கள் வீட்டில் தங்குகிறாள். இந்த அறிவு அவளுக்குத் தாய்மாமன் வழியில் வந்தது. நான் ஒன்பதாவது வரை படித்தவன். பத்தாம் வகுப்புக்கு என்னைத் தாங்கும் வலு இல்லை.

வெளியூர்க்காரர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் புரியவேண்டும் என்பதற்காக ஒன்று. எங்கள் ஊரில் தீபாவளிக்கு யாரும் வெடி வெடிப்பதில்லை. வௌவால் மிரளும் என்று தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். கோயில் நோம்பித் திருவிழாவுக்குக்கூட ஒலிபெருக்கிக் குழாய் ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கவேண்டும். நிற்க வைப்பது பொன்னுரங்கம் சவுண்ட் சர்வீஸ், அதாவது நான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் டிவிக்காரர்கள் வந்து 'வௌவாலுக்காக வெடி வெடிக்காத கிராமம்' என்று போடுவார்கள். பேட்டி கொடுப்பதும் நான்தான். மற்றவர்களுக்குக் கேமராவைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காட்டில் வழி தெரியாமல் நின்ற என் கொள்ளுத்தாத்தாவை ஒரு வௌவால் முன்னே பறந்து வீடு சேர்த்த கதையைப் போன வருடம் சொன்னேன். அதற்கு முந்தின வருடம் அவர் என் தாத்தாவாக இருந்தார்.

"அடுத்த வருசம் உங்களயே பள்ளிக்கோடத்துக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சுன்னு சொல்லுங்க" என்றாள் என் மனைவி துளசிமணி. அவளுக்குக் கலையுணர்ச்சி கொஞ்சம் குறைவு.

அக்டோபர் 1, புதன்

விடியற்காலை வான்மதியோடு ஏரிக்கரைக்குப் போனேன். இன்றைய ஆராய்ச்சியை நான்தான் நடத்தினேன் என்றே சொல்லலாம். பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். மரத்தடியில் விரித்து வைத்தால், இரை தின்று திரும்பும் வௌவால்கள் எச்சமிடும். வான்மதி முகமூடியும் கையுறையும் போட்டு அதைச் சின்னச் சின்னக் குப்பிகளில் எடுத்து, நீலப் பெட்டிக்குள் பனிக்கட்டியில் வைப்பாள்.

"ஏனம்முணி, ஏதாச்சும் சிக்குச்சா?"

"போன தடவை எடுத்ததுல ஒரு புது வைரஸோட துண்டு கெடச்சிருக்குதுங் மாமா. கொரோனா குடும்பம். ஆனா தூரத்துச் சொந்தம்."

"எவ்வளவு தூரம்?"

அவள் யோசித்தாள். "உங்க பெரியம்மாவோட நாத்தனாருக்குச் சம்பந்தி ஊடு இருக்குதில்லீங்? அவங்க பக்கத்து ஊட்டுக்காரரு மாதிரி."

"அப்ப கல்யாணத்துக்குப் பத்திரிக வெக்க மாட்டாங்க."

"எழவு சொல்லக்கூட வர மாட்டாங்க மாமா. அவ்வளவு தூரம்."

"மனுசனுக்கு வருமா?"

"தெரியாதுங் மாமா. இதுவரைக்கும் வந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்ல. அதப் பாக்கறதுக்குத்தான் உங்க எல்லாத்துகிட்டயும் ரத்தம் வாங்கிட்டுப் போனது. வந்துட்டுப் போயிருந்தா ரத்தத்துல தடம் இருக்கும்."

ஆவணியில் ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மாவைக் கூட்டிவந்து அவள் ரத்தம் கேட்டபோது ஊரில் முதலில் கை நீட்டியவன் நான். ஊசி குத்தியதும், ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று சற்று நேரம் கண்ணை மூடித் தரையில் படுத்திருந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்தவர்கள் அதை மயக்கம் என்று தவறாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 4, சனி

இந்த வருடம் முதல் ஆளாக வந்தது 'உடனடி 24' சேனல். நிருபர் சின்னப் பையன், பெயர் அருண்மொழி. வான்மதி எச்சக் குப்பிகளைப் பஸ் ஏற்றிவிட ஈரோட்டுக்குப் போயிருந்தாள். நான் கொள்ளுத்தாத்தாவை ஆரம்பித்தேன்.

"ஐயா, அது போன வருசமே போட்டாச்சுங்க" என்றான். "ஆபீஸ்ல புதுசா ஏதாவது கொண்டுவான்னு திட்டறாங்க. வெறுங்கையோட போனா வேலையே போயிரும்."

சொல்லும்போதே அவன் முகம் வாடிப்போயிற்று. வீடு தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. மோர் கொடுத்தேன். கூடவே கொஞ்சம் விஞ்ஞானமும் கொடுத்தேன். 'தூரத்துச் சொந்தம்' என்றால் டிவியில் எடுபடாது. அதனால் கொரோனாவுக்குப் பங்காளி என்றேன். அந்த வைரஸ் என்னிடமே வந்து மோதிப் பார்த்திருக்கும், என் ரத்தம் அதை மண்ணைக் கவ்வ வைத்திருக்கும், வேண்டுமானால் சென்னையில் கேட்டுப்பாருங்கள் என்றும் சொன்னதாக ஞாபகம்.

பையன் முகம் தொள்ளாயிரம் வாட் பல்பு போல எரிந்தது. என் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனான்.

அக்டோபர் 5, ஞாயிறு

என்னை டிவியில் காட்டினார்கள்.

முதலில் ஒரு இடிச் சத்தம். பிறகு சிவப்பு எழுத்து: 'கொரோனாவுக்கு அண்ணன்! கிராமத்து மரத்தில் தொங்கும் மரணம்!' அப்புறம் ஒரு வௌவால் பல்லைக் காட்டியது. அது எங்கள் ஊர் வௌவாலே இல்லை. எங்கள் வௌவால்களுக்கு நாய்க்குட்டி போல லட்சணமான முகம். பிறகு நான். கீழே 'வைரஸ் தாக்கியும் உயிர் பிழைத்த முதல் மனிதர்' என்று போட்டிருந்தார்கள். சட்டை எடுப்பாக இருந்தது.

வான்மதி படம் வந்தது. எந்தக் கல்லூரி விழாவிலோ எடுத்தது. அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சிரிக்கவில்லை.

"மாமா, நீங்க என்னதான் சொன்னீங்க?"

"பங்காளின்னுதான் சொன்னேன் சாமி. அண்ணன்னு சொன்னது அவன்."

"பங்காளியா?" என்றாள். கையிலிருந்த தோசையை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். "அடையாளமே இல்லைன்னு சொன்னேன். அத எங்கீங் காணோம்?"

"நேரம் பத்தலையோ என்னமோ."

துளசிமணி டிவியை அணைத்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தோசையாவது இறங்கியிருக்கும்.

அக்டோபர் 6, திங்கள்

பால் சொசைட்டியில் எங்கள் மாட்டுப் பாலை மட்டும் தனிக் கேனில் ஊற்றச் சொன்னார்கள். பெரிய மனிதர்களுக்கு எப்போதும் தனி வரிசைதான்.

அக்டோபர் 8, புதன்

காலையில் வாசலில் கூட்டம். மாலை போட வந்திருக்கிறார்கள் என்று துண்டைச் சரிசெய்துகொண்டு போனேன். வான்மதியைக் கேட்டு வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து.

"அம்முணி, எங்க ரத்தத்தத் திருப்பிக் குடுத்துரு."

"எதுக்குங்கய்யா?"

"எதுக்கா? எங்க ரத்தத்துல கிருமிய உட்டு வளத்தறயாமா. டிவியில சொல்றான்."

"பரிசோதன பண்றதுக்குத்தானுங்க எடுத்தது. நீங்க எல்லாம் கையெழுத்துப் போட்டுத்தானே..."

"போட்டது அப்ப. இப்பக் குடு. நான் குடுத்த அளவு எனக்குத் தெரியும், கொறைஞ்சா உடமாட்டேன்."

பின்னால் நின்ற ஒரு பெண், "எனக்குக் கொறைஞ்சாலும் பரவாயில்லைங். வேற ஆளு ரத்தத்த மாத்திக் குடுத்துராதீங்க" என்றாள்.

வான்மதி பொறுமையாகச் சொன்னாள். ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் 'தெரியாது' என்றோ 'இதுவரைக்கும்' என்றோ ஆரம்பிக்கிறாள். அவள் தெரியாது என்று சொல்லும்போதெல்லாம் கூட்டம் ஒரு அடி பின்னால் போயிற்று. நானாக இருந்தால் எதையும் தெரியும் என்றே ஆரம்பிப்பேன். படித்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிவதில்லை.

மத்தியானம் அவளே சேனலுக்குப் போன் போட்டாள். தப்பு, திருத்துங்கள் என்றாள். அந்தப் பக்கம் ஒரு அம்மா, "சரி மேடம், ஆபத்தே இல்லைன்னு நூறு சதவீதம் சொல்லுவீங்களா?" என்று கேட்டாளாம். "எந்த ஆராய்ச்சியிலயும் நூறு சதவீதம்னு சொல்ல முடியாதுங்க. ஆனா..." என்றிருக்கிறாள் இவள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் கால் மணி நேரம் விளக்கினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

சாயங்காலம் சிவப்பு எழுத்து ஓடியது: 'ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது! ஆராய்ச்சி மாணவி ஒப்புதல்!'

அக்டோபர் 10, வெள்ளி

சென்னையிலிருந்து வான்மதியின் பேராசிரியர் பேசினார். ஊர்க்காரர்கள் மறுபடி சம்மதம் கொடுத்தால்தான் வேலை தொடரலாமாம். கொடுக்கவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான், மூன்று வருட உழைப்பு அதோடு சரி. அவள் கொல்லையில் நின்று வெகுநேரம் முகம் கழுவினாள். தண்ணீர்த் தொட்டி காலியான பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 11, சனி

நாச்சிமுத்து மினி லாரியில் வெடி இறக்கியிருக்கிறார். அணுகுண்டு, லட்சுமி வெடி, ஆயிரம் வாலா. இந்தத் தீபாவளிக்கு ஏரிக்கரையில் வைத்துக் கொளுத்தினால் ஒரே நாளில் வௌவால் அத்தனையும் ஊரைவிட்டு ஓடிவிடும் என்பது அவர் திட்டம். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்வாராம். வாழ்நாளில் வெடியைத் தொட்டிராத பிள்ளைகள் இப்போதே அவர் வீட்டுத் திண்ணையில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டன.

"மாமா, அதுதானுங் ஆபத்து" என்றாள் வான்மதி. "வெரட்டுனா அதுங்க சாகாது. பத்து ஊருக்குச் சிதறிப் போகும். பயந்து, எரை இல்லாமக் கெடந்தா அதுங்க ஒடம்புல இருக்கற கிருமி கூடுதலா வெளிய வரும். இப்ப ஒரே எடத்துல நிம்மதியாத் தொங்குது. நாம பாட்டுக்கு நாம இருக்கறோம். இதவிட நல்ல ஏற்பாடு ஏதுங்?"

"இத நாச்சிமுத்துகிட்டச் சொன்னயா சாமி?"

"சொன்னேனுங். 'உங்க மாமனே செத்துப் பொழச்சதா டிவியில சொன்னாரு, நீ என்ன சொல்றது'ன்னு கேக்கறாரு."

செத்துப் பிழைத்ததாக நான் சொல்லவே இல்லை. சத்தியமாக அந்த அளவுக்குப் போகவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

காதுகுத்து வீட்டார் சவுண்ட் சர்வீஸ் வேண்டாம் என்றுவிட்டார்கள். மைக்கில் என் மூச்சுப் பட்டிருக்குமாம். நானும் இந்த வாரம் ஓய்வெடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.

அக்டோபர் 15, புதன்

சென்னையிலிருந்து ரத்த முடிவு வந்துவிட்டது. வான்மதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லீங் மாமா. அந்த வைரஸ் வந்த தடமே இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"சுத்தமா."

"நல்லாப் பாத்தாங்களா? அடியில எங்காச்சும் தங்கியிருக்கும்."

"ரெண்டு தடவ பாத்திருக்கறாங்க மாமா. இது சந்தோசமான சேதி."

அறுபது வருடமாக அந்த மரத்தடியில் படுத்துப் புரண்டவன் நான். வைரஸ் என்னைச் சீண்டக்கூட இல்லை என்றால் எப்படி எடுத்துக்கொள்வது?

"மத்தவங்களுக்கு?"

"மொத்தமாச் சொல்றேன், ரத்தம் குடுத்த ஒருத்தருக்கும் இல்ல. ஆனா இன்னாருக்கு இப்படின்னு தனியாப் பேரு சொல்றதுக்கு எனக்கு உரிம கெடையாது. அது அவங்கவங்க வாயால சொன்னாத்தான் உண்டு. ஊரு முழுக்க உங்களத்தான் நம்பிட்டிருக்குது மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். செய்யுங்கள் என்று சொல்லவில்லை. எழுந்து போய்த் தன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். அடுக்கி அடுக்கி, பிறகு கலைத்து, மறுபடி அடுக்கினாள்.

துளசி அடுப்படியிலிருந்து, "உங்களுக்கு இன்னிக்குச் சோறு வேணுமா, இல்ல ரத்தமே போதுமா?" என்று கேட்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று ஊர்க்கூட்டத்தில் நான் ஆற்றிய உரையை வருங்காலம் பேசும் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது உரையாக வரவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். என்னைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலியாக இருந்தது. 'உடனடி 24' கேமராவும் ஓரமாக நின்றது. வான்மதி பேசினாள். யாருக்கும் கிருமி வந்த தடம் இல்லை என்றாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாச்சிமுத்து எழுந்து, "அப்ப நம்ம பொன்னுரங்கத்துக்கு வந்தது?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். மைக் என்னுடையதுதான். கையில் வாங்கினால் எனக்குத் தானாகவே நாலு வார்த்தை கூடுதலாக வந்துவிடும் என்று அதை வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வரல. என்ற ரத்தத்துல ஒண்ணுமே இல்லீங்" என்றேன்.

"டிவியில சொன்னது?"

"அந்தத் தம்பி மொகம் வாடிருச்சுங்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் ஊரே சிரித்தது. நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப உங்க கொள்ளுத்தாத்தனுக்கு வவ்வா வழி காட்டுனது?"

வான்மதி என்னைப் பார்த்தாள். துளசியும் பார்த்தாள். வருடா வருடம் நாடே கேட்ட கதை அது.

"அவரு ஊட்ட உட்டு எங்கயும் போனதே இல்லீங்."

"கெட்டுது போ! அப்புறம் எதுக்குடா இத்தன வருசமா ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தாம உக்காந்திருக்கறோம்?" என்று கத்தினார் நாச்சிமுத்து. சிரித்துக்கொண்டிருந்தவர்களும் அவர் பக்கம் திரும்பித் தலையாட்டினார்கள். நான் பொய்யைப் பிடுங்கப்போய் ஊர் வழக்கத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டேன் என்று எனக்கு வேர்த்தது.

துளசி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "வவ்வா மெரளும்னுதானுங்ணா வெடிக்கறதில்ல. மெரள்ற சீவன மெரட்டாம இருக்கறதுக்கு எதுக்குங் கத?"

 நாச்சிமுத்து துண்டில் மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப வாங்குன வெடிய என்ன பண்றது?" என்றார். அதிலேயே முடிவு தெரிந்துவிட்டது. அவர் மச்சினன் ஊருக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பிள்ளைகள் அழுதன. ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டதற்கு மட்டும், "அதத் தீவாளி போகட்டும், பாக்கலாம்" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

வட்டம் கொஞ்சம் சுருங்கியது. ஒருவர் எனக்கு வெற்றிலை நீட்டினார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய்க் குளியல். கறிக்குழம்பு. துளசி சுட்ட அதிரசம் நாற்பது தின்றேன் (எட்டு).

வெடிச் சத்தம் இல்லை. அந்தி சாய்ந்ததும் வௌவால்கள் எப்போதும் போலக் கிளம்பி ஏரிக்கு மேலே ஒரு சுற்று வந்து மேற்கே போயின. வான்மதி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய பெட்டி கட்டியபடிதான் இருக்கிறது.

ஏழு மணிக்கு எங்கள் ஊர் டிவியில் வருகிறது என்று பாதி ஊர் என் வீட்டுக்கு வந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு நாற்காலி போட்டேன்.

இடிச் சத்தம். 'மயான அமைதி! வைரஸ் பீதியில் வெடி வெடிக்காமல் முடங்கிய கிராமம்!'

"ஆருடா முடங்குனது?" என்றார் நாச்சிமுத்து.

அடுத்து நான், கூட்டத்தில் நிற்கிறேன். "என்ற ரத்தத்துல ஒண்ணுமே இல்லீங்." அதோடு வெட்டிவிட்டார்கள். ஒரு பெண் குரல் நடுங்க நடுங்கக் கேட்டது: 'ரத்தத்தில் ஒன்றுமே இல்லை! அத்தனையையும் தின்றுவிட்டதா வைரஸ்?'

வந்திருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள்.

அடுத்து நாச்சிமுத்து. துண்டை எடுத்து முகத்தில் வைக்கிறார். 'கதறி அழுத ஊர்த்தலைவர்.'

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "டேய், நான் மூக்குச் சிந்துனதுடா அது! சளிடா! எனக்குப் பொறட்டாசி மாசம் எப்பவும் சளி புடிக்கும்டா!" என்று டிவியைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"அண்ணா, டிவிக்குக் கேக்காதுங்" என்றாள் துளசி.

"என்ற சளியவே அழுகைங்கறானே, அப்ப இந்தப் புள்ளையோட..." என்று திரும்பினார். வான்மதி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவர் பாதியில் நிறுத்திவிட்டார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அம்முணி, அந்தக் கிருமி கொரோனாவுக்கு என்ன மொறைன்னு சொன்னே?"

"தூரத்துச் சொந்தமுங்கய்யா. எழவு சொல்லக்கூட வராது."

"மனுசனுக்கு வருமா?"

"தெரியாதுங்கய்யா. இதுவரைக்கும் வந்ததில்ல. அதத் தெரிஞ்சுக்கத்தானுங்க பாக்கறோம்."

"ம்" என்றார். "தெரியாததத் தெரியாதுன்னு சொல்றே. பெட்டியப் பிரி. நாளான்னிக்கு அந்த நர்சம்மாவ வரச் சொல்லு."

அக்டோபர் 22, புதன்

பள்ளிக்கூடத்தில் மேசை போட்டாயிற்று. முதல் கையெழுத்து நாச்சிமுத்து. "ரத்தமும் எடுத்துக்க. முந்தி குடுத்ததத் திருப்பிக் கேட்டதெல்லாம் மனசுல வெச்சுக்காத" என்றார். போன முறை ரத்தம் கொடுத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். கொடுக்காதவர்களும் வந்தார்கள். வரிசையை நான்தான் ஒழுங்குபடுத்தினேன். ஆயிரம் பேர் இருக்கும் என்று எழுதியிருப்பேன். வான்மதி பக்கத்தில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்கிறாள். ஐம்பத்துச் சொச்சம்.

இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத துளசியும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

"பயமா இல்லீங்களா அத்தே?" என்றாள் வான்மதி.

"எனக்கென்ன பயம்? முப்பது வருசமா இந்த மனுசங்கூட ஒரே ஊட்டுல குடியிருக்கறேன். இவரு புளுகே எனக்குத் தொத்தல. வவ்வாக் கிருமியா வந்து தொத்தப்போகுது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. வான்மதி குப்பியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நர்சம்மா சிரித்த சிரிப்பில் ஊசி நரம்பைத் தவறிவிட்டது. துளசி வலியில் கத்தித் திட்டினாள்.

என்னைத்தான்.